தனிப் பயணியின் சாலையைப் போட்டவர்கள்

ஹெராத்திலிருந்து காந்தகார் வரை கான்கிரீட். காந்தகாரிலிருந்து காபூல் வரை தார். 1960களின் பிற்பகுதியில் ஆப்கானிஸ்தானைக் குறுக்கே கடந்த எவருக்கும் இந்த மாற்றம் தெரிந்திருக்கும். முதல் பகுதி சுமார் 560 கிலோமீட்டர். கான்கிரீட் பாளங்களை வரிசையாக வார்த்துச் செய்தது. பாளமும் பாளமும் சேரும் இடத்தில் சக்கரம் ஏறி இறங்க, பஸ் முழுக்க ஒரே தாளத்தில் தடதடக்கும். அதைப் போட்டவர்கள் சோவியத் பொறியாளர்கள். அடுத்த 480 கிலோமீட்டர் தார்ச் சாலை அமெரிக்க உதவியில் வந்தது. காபூலுக்கு வடக்கே இந்துகுஷ் மலையைக் குடைந்து 1964இல் திறந்த சாலாங் சுரங்கப்பாதை மறுபடியும் சோவியத் வேலை. வல்லரசுகள் இரண்டும் ஓர் ஏழை நாட்டில் போட்டி போட்டுக்கொண்டு சாலை போட்டன. 1953 முதல் 1963 வரை பிரதமராக இருந்த தாவூத் கான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சரக்குக்கும் செல்வாக்குக்கும் போட்ட இந்தச் சாலையில் யாரும் எதிர்பாராத ஒரு கூட்டம் வந்து ஏறியது. முதுகில் பை, கழுத்தில் தொங்கும் துணிப்பைக்குள் பாஸ்போர்ட், கையில் கொஞ்சம் டிராவலர்ஸ் செக். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். இஸ்தான்புல்லில் தொடங்கி எர்சுரும், தப்ரீஸ், தெஹ்ரான், மஷ்ஹத் வழியாக ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து, ஹெராத், காந்தகார், காபூல் பார்த்து, கைபர் கணவாயில் இறங்கி, பெஷாவர், லாகூர், அமிர்தசரஸ், டெல்லி, காசி என்று போய்க் காத்மாண்டுவில் முடியும் பாதை அது. ‘ஹிப்பி தடம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் வந்தவர்களில் ஆசிரியர்களும் செவிலியர்களும் வேலைக்கு லண்டன் போய்விட்டு ஊர் திரும்பும் ஆஸ்திரேலியர்களும் ஏராளம்.

இந்தத் தடத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பயணியின் மனத்தைப் பற்றியே எழுதினார்கள்: தேடல், துணிச்சல், வீட்டை விட்டு ஓடும் ஆசை. அவை இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே தேடலும் துணிச்சலும் திருச்சியிலும் லாகூரிலும் காபூலிலும் இருந்த இளைஞர்களுக்கும் இருந்திருக்கும். அவர்கள் ஏன் எதிர்த்திசையில் பை மாட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கிளம்பவில்லை என்ற கேள்வியைக் கேட்டால்தான் இந்த வரலாறு பிடிபடுகிறது. தனியாக, தரைவழியாக, நாடு நாடாகப் போவது ஒரு காலகட்டத்தில் சில பாஸ்போர்ட்டுகளுக்கும் சில நாணயங்களுக்கும் மட்டும் திறந்திருந்த வழி. திறந்தவை அரசுகள். பிறகு மூடியவையும் அவையே.

சாலை வருவதற்கு முன்பும் சிலர் வந்தார்கள். 1903இல் ஜெனீவாவில் பிறந்த எல்லா மயார் 1935இல் பீட்டர் ஃப்ளெமிங் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளரோடு பீக்கிங்கிலிருந்து காஷ்மீர் வரை ஏழு மாதம் பயணம் செய்தவர். 1939இல் அனமாரி ஷ்வார்ட்சென்பாக் என்ற எழுத்தாளரோடு ஃபோர்டு காரில் ஜெனீவாவிலிருந்து காபூல் வந்தார். அங்கே இருக்கும்போது உலகப் போர் வெடித்தது. தோழி ஐரோப்பா திரும்ப, மயார் தெற்கே இறங்கி இந்தியா வந்து, போர்க்கால ஆண்டுகளின் பெரும்பகுதியைத் திருவண்ணாமலையில் ரமணரை அண்டிக் கழித்தார். அங்கே வளர்த்த பூனையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய பாஸ்போர்ட் சுவிஸ் பாஸ்போர்ட், போரில் எந்தப் பக்கமும் சேராத நாட்டினுடையது. அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த ஜெர்மானியர்கள், ஆன்மிகம் தேடி வந்தவர்கள் உட்பட, முள்வேலி முகாம்களுக்குள் இருந்தார்கள். மயார் மலை சுற்றிக்கொண்டிருந்ததற்கு அவருடைய மனப் பக்குவம் ஒரு காரணம் என்றால், அந்த சுவிஸ் பாஸ்போர்ட் இன்னொரு காரணம்.

தனிப் பயணத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் டெர்வ்லா மர்ஃபி. அயர்லாந்தின் லிஸ்மோர் என்ற சிற்றூர்க்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலக வரைபடப் புத்தகமும் பரிசாக வந்தன. சில நாட்களிலேயே சைக்கிளில் இந்தியா போவதென்று முடிவெடுத்தவர், படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டு இருபது ஆண்டு காத்திருந்தார். 1963 ஜனவரியில், ஐரோப்பா உறைந்து கிடந்த குளிர்காலத்தில், டன்கர்க்கிலிருந்து புறப்பட்டார். வயது 31. ஆசியச் சாலைகளில் கியர் தாங்காது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். பையில் ஒரு .25 கைத்துப்பாக்கி. யூகோஸ்லாவியாவில் பாய்ந்த ஓநாய்கள் மேல் சுட்டார். துருக்கியில் இரவு அறைக்குள் நுழைந்த ஆளை விரட்டக் கூரையைப் பார்த்துச் சுட்டார். ஆப்கானிஸ்தானில் ஏறிய ஒரு பஸ்ஸில் கட்டணத் தகராறு முற்றி, யாரையோ நோக்கி ஓங்கிய துப்பாக்கிக் கட்டை இவர் விலாவில் பட்டு மூன்று எலும்பு முறிந்தன. ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார்.

இதில் எனக்குப் பிடித்த தகவல் துப்பாக்கி பற்றியது அல்ல, டயர் பற்றியது. கிளம்பும் முன்பே உதிரி டயர்களை வழியிலுள்ள பிரிட்டிஷ் தூதரகங்களுக்கு அஞ்சலில் அனுப்பி வைத்திருந்தார் மர்ஃபி. அயர்லாந்துக்காரருக்கு பிரிட்டிஷ் தூதரகத்தில் டயர்! தனியாகப் போகிறவருக்குப் பின்னால் ஒரு பேரரசு விட்டுப்போன அஞ்சல் பை, கிடங்கு, தெரிந்த முகம் எல்லாம் இருந்தன. மர்ஃபியின் உழைப்பை இது குறைப்பதில்லை. டயர் மாட்டிய பிறகு மிதித்தது அவர்தான். ஆனால் ஹெராத்தில் சைக்கிள் மிதித்த ஓர் ஆப்கான் பெண் டப்ளினுக்குப் புறப்பட்டிருந்தால், அவருக்கான டயரை எந்தத் தூதரகம் வாங்கி வைத்திருக்கும்?

மர்ஃபிக்கு முன்பே வழியைப் பழக்கியவர்கள் பஸ்காரர்கள். 1957இல் ‘இந்தியாமேன்’ என்ற பஸ் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நடத்தியவர் பேடி காரோ-ஃபிஷர். ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. அதற்கும் முன்பு, 1955–56இல், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை ஓட்டிக் காட்டியிருந்தார்கள். பர்மாவுக்குள் அவர்கள் போனது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் காட்டுக்குள் வெட்டிய ஸ்டில்வெல் சாலையில். போருக்கு வெட்டிய வழியில் சுற்றுலா நடப்பது அன்று தொட்டே வழக்கம்.

இஸ்தான்புல்லில் நீல மசூதிக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடை. இட்ரிஸ், நாமிக் சோல்பான் என்ற சகோதரர்கள் 1957இல் திறந்தது. பெயர் ‘லாலே’. கடைப் பெயரை உச்சரிக்கவோ நினைவில் வைக்கவோ முடியாத வெள்ளைக்காரப் பையன்கள், கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த பால் இனிப்புகளைப் பார்த்து ‘புட்டிங் ஷாப்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடையின் புகழுக்குக் காரணம் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகை. காபூல் போகும் வேனில் ஓர் இடம் காலி, பெட்ரோல் செலவைப் பகிர வேண்டும். டெல்லி வரை துணை வேண்டும். நான் கிளம்பிவிட்டேன், தெஹ்ரானில் பிடித்துக்கொள். இப்படித் துண்டுத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தியிருக்கும். தனியாக வந்தவர்கள் அந்தப் பலகை முன் நின்று தனிமையைக் கலைத்துக்கொண்டார்கள். பிறகு தெஹ்ரானில் டயர்க் கடைகளுக்கு மேலே இருந்த அமீர் கபீர் ஹோட்டல், காபூலில் சிக்கன் ஸ்ட்ரீட், காத்மாண்டுவில் ஃப்ரீக் ஸ்ட்ரீட் என்று ஒரே முகங்கள் மாறி மாறிச் சந்தித்துக்கொண்டன. நாடு மாறினாலும் கூட்டம் மாறவில்லை. தனிப் பயணம் என்று ஊருக்குக் கடிதம் எழுதியவர்களில் பலர் உண்மையில் ஒரு நகரும் கிராமத்தில் வாழ்ந்தார்கள் என்றே சொல்லலாம்.

அந்தக் கிராமத்துக்கு அஞ்சலகம் இருந்தது. பெரிய நகரங்களின் தலைமை அஞ்சலகத்தில் பயணியின் பெயருக்கு வரும் கடிதங்களை வந்து கேட்கும்வரை வைத்திருப்பார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அலுவலகங்களும் தங்கள் செக் வாங்கியவர்களுக்கு இதைச் செய்தன. மூன்று வாரம் கடிதம் வராவிட்டால் வீட்டில் கவலைப்படுவார்கள். மூன்று மாதம் வராவிட்டால் தூதரகத்துக்கு எழுதுவார்கள். இந்த இடைவெளிக்குள் புகுந்து வேட்டையாடியவர் சார்லஸ் சோப்ராஜ். சைகோனில் இந்தியத் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்தவர். 1975–76இல் தாய்லாந்திலும் நேபாளத்திலும் இளம் பயணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கொன்று, பாஸ்போர்ட்டையும் செக்குகளையும் எடுத்துக்கொண்டு, படத்தை மாற்றி ஒட்டி, செத்தவர்களின் பெயரிலேயே எல்லை தாண்டினார். டச்சு ஜோடி ஒன்றிடமிருந்து கடிதம் நின்றுபோனதாகக் குடும்பத்தார் எழுதியதைப் பாங்காக்கிலிருந்த டச்சு தூதரக அதிகாரி ஹெர்மன் க்னிப்பென்பெர்க் விடாமல் தோண்டியதில்தான் கொலைகள் வெளிச்சத்துக்கு வந்தன. 1976 ஜூலையில் டெல்லியில் ஒரு பிரெஞ்சு மாணவர் குழுவுக்கு மாத்திரை கொடுத்து மாட்டிக்கொண்டார். இவரை ஒரு தனிமனிதக் கொடூரமாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தடத்தில் மதிப்புள்ள சரக்கு எது என்பதை அவர் சரியாகக் கணித்திருந்தார். பயணியின் பையில் விலைபோவது பாஸ்போர்ட் ஒன்றுதான்.

காசு விஷயமும் அப்படித்தான். 1972இல் லண்டனிலிருந்து டோனி வீலர், மோரீன் வீலர் என்ற இளம் தம்பதி ஒரு பழைய வண்டியில் புறப்பட்டு, காபூலில் அதை விற்றுவிட்டுத் தொடர்ந்து, சிட்னி வந்தபோது கையில் 27 சென்ட் இருந்ததாம். எப்படிப் போனீர்கள் என்று எல்லோரும் கேட்கவே, 1973இல் ‘அக்ராஸ் ஏசியா ஆன் தி சீப்’ என்ற மெல்லிய கையேட்டைத் தாங்களே அச்சிட்டார்கள். லோன்லி பிளானெட் நிறுவனம் அதிலிருந்து கிளைத்தது. தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது: மலிவாக ஆசியாவைக் கடப்பது. மலிவு என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்கு இல்லை, பவுண்டோ டாலரோ கொண்டுவந்தவர்களுக்கு. சில மாதம் லண்டனில் தட்டு கழுவிச் சேர்த்த காசில் ஆசியாவில் ஓராண்டு இருக்க முடிந்தது. காபூலில் தட்டு கழுவியவர் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட முடியாது.

உள்ளூர்க்காரர்கள் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. தேநீர்க் கடைக்காரர் முட்டை பொரிக்கவும் ஆப்பிள் பை செய்யவும் கற்றார். கம்பளக்காரர் நான்கு மொழியில் விலை பேசினார். நேபாளத்தில் கஞ்சா விற்பதற்கு அரசே உரிமம் கொடுத்திருந்தது. 1973 ஜூலையில் அந்த உரிமங்களை ரத்து செய்தார்கள். காரணங்களில் அமெரிக்காவின் நெருக்கடியும் ஒன்று. 1951 வரை வெளிநாட்டாரை ஏறக்குறைய முழுவதுமாக வெளியே நிறுத்திவைத்திருந்த நாடு, இருபதே ஆண்டில் தடத்தின் கடைசி நிலையமாகி, பிறகு வந்தவர்களில் யார் வேண்டும், யார் வேண்டாம் என்று பிரிக்கக் கற்றுக்கொண்டது.

இந்தியாவின் பக்கம் வருவோம். இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. 1984 வரை பிரிட்டன் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமல் இந்தியா வர முடிந்தது. 1986 வரை இந்தியர்கள் விசா இல்லாமல் பிரிட்டனுக்குப் பார்வையாளராகப் போக முடிந்தது. காமன்வெல்த் உறவின் மிச்சம் அது. குடியேறுவதற்குத்தான் 1962 முதல் சட்டம் இறுகியது. அப்படியானால் எதிர்த்திசைப் பயணத்துக்கு இந்திய இளைஞர்களைத் தடுத்தது எது? பூட்டு வீட்டுக்கு உள்ளே இருந்தது. பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். கொடுத்தாலும் எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதிக் கொடுப்பார்கள். தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்ற முத்திரையைப் பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இன்றும் பார்க்கலாம். அதைத் தாண்டினால் அந்நியச் செலாவணி. ரிசர்வ் வங்கியின் ‘பி’ படிவம் இல்லாமல் வெளிநாட்டு டிக்கெட் வாங்க முடியாது. எட்டு டாலரோடு அமெரிக்கா போய் இறங்கிய கதையை அந்தத் தலைமுறையின் ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒரு மாமா சொல்லக் கேட்டிருப்போம். எட்டு டாலரில் எத்தனை எல்லை கடக்கலாம்?

பாஸ்போர்ட் அரசின் தயவு இல்லை என்று சொன்னது உச்ச நீதிமன்றம். சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வணிகரிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் வழக்குப் போட்டார். 1967 ஏப்ரல் 10 அன்று, தலைமை நீதிபதி கோகா சுப்பாராவ் தலைமையிலான ஐந்து நீதிபதிகளில் மூவர், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தார்கள். அந்த ஆண்டே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அதற்கு முன்பு இந்தியாவில் பாஸ்போர்ட் கொடுப்பதற்கோ மறுப்பதற்கோ முறையான சட்டமே இல்லை. ஆனால் தீர்ப்பு செலாவணியைத் தரவில்லையே. 1973இல் அந்நியச் செலாவணிச் சட்டம் இன்னும் இறுகியது. தனிநபர் ஓராண்டில் 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி தாராளமயத் திட்டத்தை அறிவித்தது 2004 பிப்ரவரியில்தான்.

இந்தப் பூட்டை மீறியவர்கள் காசைக் கணக்கிலிருந்தே நீக்கினார்கள். முன்னாள் சமணத் துறவியான சதீஷ் குமாரும், கேரளத்தைச் சேர்ந்த இ.பி. மேனனும் அணு ஆயுதத்துக்கு எதிராக 1962 ஜூன் 1 அன்று டெல்லியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். பணம் எடுத்துப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியவர் வினோபா பாவே. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இரான் வழியாகச் சோவியத் நாட்டுக்குள் நுழைந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன் போய், கப்பலில் அட்லாண்டிக் கடந்து வாஷிங்டன் சேர்ந்தார்கள். சாப்பாடும் படுக்கையும் வழியிலிருந்தவர்கள் தந்தவை.

1977 ஜனவரியில் பி.கே. மகானந்தியா டெல்லியிலிருந்து ஒரு பழைய சைக்கிளில் கிளம்பினார். ஒடிசாவில் தலித் குடும்பத்தில் பிறந்து, டெல்லியில் ஓவியம் படித்து, கன்னாட் பிளேஸில் போவோர் வருவோரை வரைந்து பிழைத்தவர். அங்கே வரையச் சொல்லி உட்கார்ந்த ஒரு ஸ்வீடன் பெண்ணை மணந்துகொண்டார். அவர் ஊர் திரும்பிவிட, மகானந்தியா மனைவியைத் தேடி ஹிப்பி தடத்தைத் தலைகீழாகப் பிடித்தார். அமிர்தசரஸ், காபூல், இரான், துருக்கி. வழியில் முகங்களை வரைந்து கொடுத்துச் சோறும் இடமும் பெற்றார். கடைசிக் கட்டத்தை ரயிலில் கடந்து மே மாதம் ஸ்வீடன் சேர்ந்தார். காதல் கதையாகவே இதை எல்லோரும் சொல்கிறார்கள். பயண வரலாற்றில் அதன் இடம் வேறு: அந்நியச் செலாவணியே தேவைப்படாத ஒரு தொழில் கைவிரலில் இருந்ததால் அந்த இந்தியர் தடத்தில் தனியாகப் போக முடிந்தது. பென்சிலுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டியதில்லை.

தமிழர்களுக்கும் நாடு விட்டு நாடு தரைவழியே போன அனுபவம் பெரிதாக உண்டு. அதைப் பயணம் என்று நாம் எண்ணுவதில்லை, அவ்வளவுதான். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், நடந்தும் மாட்டுவண்டியிலும் மலை தாண்டி மணிப்பூர், அசாம் பக்கம் வந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். வெள்ளையருக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு மோசமான வேறு வழி என்று அதிகாரிகள் பிரித்துவிட்டார்கள் என்ற புகார் அப்போதே இந்திய அரசியலில் பெரிதாக எழுந்தது. காட்டுக்குள் ஓடும்போதும் தோலின் நிறம் பார்த்தார்கள்.

1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு மறுபடியும் வெளியேற்றம். கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களில் சில, இங்கே ஒட்டாமல், பிறந்த ஊருக்கே திரும்புவதென்று வடகிழக்கு வரை போய், மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேவில் பர்மாவுக்குள் நுழைய முயன்றன. எல்லையில் திருப்பி அனுப்பினார்கள். அங்கேயே தங்கிவிட்டார்கள். மோரேவில் அங்காள பரமேஸ்வரி கோயில் எழுந்தது, தமிழ்ச் சங்கம் வந்தது. எல்லைக்கு மிக அருகில், போக முடியாத நாட்டைப் பார்த்தபடி ஒரு தமிழ்த் தெரு உருவானது. சென்னையிலிருந்து மோரே வரை நாட்டைக் குறுக்கே கடந்த அவர்கள் பயணத்தை எந்தக் கையேடும் பதிவு செய்யவில்லை.

பர்மா அடைத்துக்கொண்டது மேற்கத்தியப் பயணிகளையும் தடுத்தது. ஆஸ்திரேலியா வரை தரைவழியே போக நினைத்தவர்கள் இந்தியாவோடு நின்றாக வேண்டும். கல்கத்தாவிலிருந்து பாங்காக்குக்கு விமானம், அல்லது சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல். ‘ரஜூலா’, பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’ என்று மலேயாத் தமிழர்கள் வருவதும் போவதுமாக இருந்த அதே கப்பல்களின் கீழ்த்தளத்தில் பை மாட்டிய வெள்ளைக்காரர்களும் படுத்துக் கிடந்தார்கள். தெற்கே இன்னொரு கிளை: ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் படகு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த அந்தப் படகு, இலங்கைப் போர் தொடங்கிய பிறகு 1980களின் நடுவில் நின்றது. 1985இல் ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பிடித்ததோடு பினாங்கு வழியும் போயிற்று.

முக்கியத் தடம் அதற்கு முன்பே அறுந்துவிட்டது. 1978 ஏப்ரலில் காபூலில் கம்யூனிஸ்ட் புரட்சி. தாவூத் கான் கொல்லப்பட்டார். 1979 ஜனவரியில் இரான் மன்னர் நாட்டை விட்டுப் போனார். அந்த டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தது. சாலாங் சுரங்கப்பாதை வழியாகத்தான் அவர்களுடைய வாகனங்கள் பெருமளவில் இறங்கின. பதினைந்து ஆண்டு முன்பு எதற்காகக் குடைந்தார்கள் என்று அப்போது கேட்டவர்களுக்கு விடை கிடைத்திருக்கும். 1980இல் இரான்–இராக் போர். பைகள் விமானத்தில் ஏறின. 1980களில் கையேடுகள் நாடு நாடாகப் பிரிந்து தடித்தன. வழியைச் சொல்லும் மெல்லிய புத்தகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இன்று செலாவணிப் பூட்டு இல்லை. பாஸ்போர்ட் சில நாட்களில் கிடைக்கிறது. தமிழில் பேசிக்கொண்டே கிர்கிஸ்தான் மலையில் நடக்கும் வ்லாகர்களை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அவர்களுடைய பயணங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும்: தரைவழிப் பயணம் பெரும்பாலும் ஏதோவொரு வெளிநாட்டு விமான நிலையத்திலிருந்து தொடங்குகிறது. அல்மாட்டியிலிருந்து, அல்லது பாங்காக்கிலிருந்து. காரணம் வரைபடத்தில் இருக்கிறது. மேற்கே அட்டாரி 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. அதற்கு முன்பும் தனியாகச் செல்லும் இந்தியச் சுற்றுலாப் பயணிக்குப் பாகிஸ்தான் விசா குதிரைக் கொம்பு. கிழக்கே மோரே–தமு வழி 2018 ஆகஸ்டில் விசாவோடு கடக்கலாம் என்று திறந்தார்கள். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, கொரோனா வந்தது. 2021இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023இல் மணிப்பூரே எரிந்தது. வடக்கே நேபாளம் வரை போகலாம், அதைத் தாண்டித் திபெத்துக்குள் வெளிநாட்டவர் தனியாகச் சுற்ற அனுமதி இல்லை. முகவர் மூலம், வழிகாட்டியோடு, குழு விசாவில்தான் போக வேண்டும். தனிப் பயணம் என்பதையே சட்டம் தடுக்கும் இடம் அது.

பூட்டு இப்போது வெளியே மாட்டியிருக்கிறது. அதைவிட நுணுக்கமாக இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது, பலர் கவனிக்காதது. விசா விதிகளை எழுதுபவர்கள் இன்று விமானப் பயணியை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். 2024 பிப்ரவரியில் இரான் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 15 நாள் என்று அறிவித்தது. விமானத்தில் வருபவர்களுக்கு மட்டும். தரை எல்லையில் வந்து நிற்கும் அதே ஆளுக்கு அதே பாஸ்போர்ட்டில் விசா வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் அந்தச் சலுகையையும் நிறுத்திவைத்தது. தாய்லாந்து, விசா விலக்கில் தரை எல்லை வழியாக வருபவர்களுக்கு ஓராண்டில் இரண்டு முறை என்று வரம்பு வைத்திருக்கிறது. விமானத்தில் வருபவர்களுக்கு அந்த வரம்பு இல்லை. நாமும் சளைத்தவர்கள் இல்லை: 2014இல் இந்தியா மின்விசாவைத் தொடங்கியபோது குறிப்பிட்ட விமான நிலையங்களில் இறங்குபவர்களுக்குத்தான் அது செல்லுபடியானது. மர்ஃபி சைக்கிளோடு வந்திருந்தால் எல்லையில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

விமான நிலையத்தில் பயணியின் பெயர், புறப்பட்ட ஊர், திரும்பும் டிக்கெட் எல்லாம் அவர் வந்து இறங்கும் முன்பே அதிகாரியின் திரையில் இருக்கும். திருப்பி அனுப்ப வேண்டுமானால் அழைத்து வந்த விமான நிறுவனத்தின் தலையில் கட்டிவிடலாம். நடந்தும் பஸ்ஸிலும் வருகிறவரை யார் தலையில் கட்டுவது? அரசின் கோணத்தில் பார்த்தால் தரைவழி வரும் தனி ஆள் ஒரு தொல்லை. எல்லாச் சாலைகளும் நன்றாக இருக்கும்போதும் இது மாறுவதாகத் தெரியவில்லை. 2005இல் நடைமுறைக்கு வந்த ஆசிய நெடுஞ்சாலை உடன்பாட்டில் டோக்கியோவிலிருந்து துருக்கி வரைக்கும் சாலைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் 43ஆம் எண் ஆக்ராவில் தொடங்கி, கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகத் தனுஷ்கோடி வந்து, கடல் தாண்டி இலங்கைக்குள் தொடர்கிறது. உடன்பாடு சாலையின் அகலத்தையும் தரத்தையும் பேசுகிறது. சாலையில் போகிறவரின் விசாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

உல்லாசக் கப்பல்களை விட்டுவிட்டால், விமானம் ஏறாமல் தமிழ்நாட்டிலிருந்து நேரே இன்னொரு நாட்டுக்குப் போக இப்போது ஒரு வழி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல், 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. பாஸ்போர்ட் வேண்டும், இலங்கையின் மின்னணு அனுமதி வேண்டும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மாதங்களில் கப்பலை நிறுத்திவிடுகிறார்கள்.